வீடியோ பார்த்துக் கைத்தொழில் பழகுவது: காட்பாடி வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. காட்பாடி காந்தி நகரில் குடியிருந்துகொண்டு, வேலூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக, இணையத்தில் பார்த்தும் படித்தும், என் வண்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், வீட்டுத் தையல் மெஷின் எல்லாவற்றையும் நானே பிரித்து மாட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்து வேலை செய்யும்போது தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். சத்துவாச்சாரியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் போன் செய்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வீடியோ பார்த்தே மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள முடியுமா?

பாதி முடியும். அந்தப் பாதியும் சாதாரணமானதில்லை. ஒரு காலத்தில் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பட்டறையில் பையனாகச் சேர வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவி, மேஸ்திரி மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்று காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும் நேரத்தில் அதையெல்லாம் பார்த்துவிடலாம். எது எங்கே இருக்கிறது, எதை முதலில் கழற்ற வேண்டும், ஏன் அந்த வரிசை என்ற மூன்றையும் இணையம் நன்றாகச் சொல்லித்தருகிறது.

மீதிப் பாதி கைப்பதம். பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதம் என்பார்கள். அதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, விரலால் தொட்டு இழுத்துத்தான் பார்க்க வேண்டும். நட்டு இறுகிவிட்டது என்று மணிக்கட்டுக்குத் தெரிவதும், பேரிங் கெட்டுவிட்டது என்று உருட்டுகிற விரலுக்குத் தெரிவதும், அரம் சாய்கிறது என்று காதுக்குத் தெரிவதும் அப்படித்தான். ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று மணி நேரம் கையில் எடுத்துச் செய்யுங்கள். என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எதில் தொடங்குவது?

கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற பொருளில். நாளைக் காலை வேலைக்கு ஓட்டிப் போக வேண்டிய வண்டியை இன்று ராத்திரி பிரிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் பழைய சைக்கிள்தான் முதல் பள்ளிக்கூடம். வீட்டில் இல்லையென்றால் காயலான் கடையில் ஒன்று கிடைக்கும். முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சையும், குண்டுகளை அழுத்திப் பிடிக்க அதில் திருகியிருக்கும் கோன்களையும் எடுத்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கோனை இறுக்கினால் சக்கரம் கரகரவென்று உராயும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. கால் திருகலைவிடக் குறைவாக இருக்கும். அந்த இடத்தில் கோனைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோனும் கொஞ்சம் நகர்ந்துவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. அது கைவந்துவிட்டால், பைக்கின் ஹேண்டில் பேரிங்கைச் சரி செய்வதும் அதே வேலைதான் என்று உங்களுக்கே புரியும்.

சைக்கிளுக்கு அப்புறம் டேபிள் ஃபேன். அதற்கப்புறம் பைக்கில் செயின் தளர்வு, பிரேக் ஷூ, ஆயில் மாற்றுவது. இன்ஜின் ஹெட்டைத் திறப்பதெல்லாம் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

நூற்றெட்டுச் சாமான் உள்ள பெட்டியை ஆன்லைனில் பார்த்து மயங்காதீர்கள். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள், தொடுகிற பாதி வளைந்துவிடும்.

நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 என்ற அளவுகள்தான் வரும். இந்த ஐந்துக்கும் நல்ல கம்பெனி ரிங் ஸ்பேனரும், 8, 10, 12க்கு டி ஸ்பேனரும் வாங்குங்கள். ஓபன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். இறுகிய போல்ட்டில் ஓபன் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கி, பிறகு எதுவும் பிடிக்காமல் போகும். கட்டிங் பிளேயர், ஒரு கிலோவுக்குள் ஒரு சுத்தியல், மின்சாரம் பார்க்க ஒரு மல்டிமீட்டர், நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர். தொடக்கத்துக்கு இது போதும்.

ஸ்க்ரூ டிரைவர் பற்றி யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம். ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் இருக்கும் ஸ்டார் தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் செய்தது. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழு ஆழம் உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வழுக்கும், தலை கெட்டுவிடும். ‘வண்டிக்காரன் மட்டமான ஸ்க்ரூ போட்டிருக்கிறான்’ என்று நாம் திட்டுகிற பல இடங்களில் தப்பு நம் டிரைவரில் இருக்கிறது.

இங்கிலீஷ் சரியாக வராது. என்ன செய்வது?

கவலையே வேண்டாம். பட்டறையில் பாகங்களின் பெயரெல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷ்தான். கிளட்ச், பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் என்று உங்களுக்கு நூறு வார்த்தை தெரிந்தே இருக்கும். அவற்றை எப்படி எழுதுவது என்று மட்டும் கற்றுக்கொண்டால் தேடுவது கைகூடிவிடும்.

தமிழில் நல்ல பாடம் வேண்டுமென்றால் நிமியைப் பாருங்கள். சென்னை கிண்டியில் 1986இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், ஐடிஐ மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் போடுகிறது. முக்கியமான தொழிற்பிரிவுகளுக்குத் தமிழிலும் புத்தகம் உண்டு. பாரத் ஸ்கில்ஸ் என்ற அரசு இணையதளத்தில் ஐடிஐ பாடத்திட்டம், வினாவங்கி, வீடியோ எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபிட்டரைப் பொருத்துநர் என்றும், டர்னரைக் கடைசலர் என்றும், மெக்கானிக்கைக் கம்மியர் என்றும் அரசுத் தமிழில் எழுதுவார்கள். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

வார்த்தையே வேண்டாத ஒரு வழியும் உண்டு. உங்கள் வண்டியின் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக்கைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு பாகமும் கழன்று வரிசையாக அந்தரத்தில் நிற்கிற மாதிரி படம் இருக்கும். எந்த வாஷருக்குப் பின் எந்த ஸ்பிரிங் என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஐஃபிக்ஸிட் என்று 2003இல் ஆரம்பித்த ஒரு தளம், போன், லேப்டாப், வீட்டுச் சாதனங்களுக்கு ஒவ்வொரு படிக்கும் புகைப்படம் வைத்து இலவசமாக வழி காட்டுகிறது. அங்கேயும் படமே பாதி பேசிவிடும்.

ஒரு வீடியோ சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், அது உங்கள் வண்டிதானா என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தது. அதன்பின் வந்த பைக், மொபெட்டுகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். ஆனால் ‘மைலேஜ் ஏற்றுவது எப்படி’ என்று தேடினால் இன்னமும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகச் சொல்கிற வீடியோக்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. வீடியோவில் தப்பு இருக்காது. உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, வீடியோ எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். கஷ்டமான இடத்தில் வெட்டி, அடுத்த காட்சியில் பாகம் வெளியே வந்திருந்தால், அந்த மனிதர் அங்கே இருபது நிமிடம் போராடியிருக்கிறார் என்று அர்த்தம். உங்களுக்கும் அங்கேதான் மாட்டும். நான் எப்போதும் மூன்று பேர் செய்ததைப் பார்ப்பேன். மூவரும் ஒத்துப்போகிற இடத்தில் தைரியமாகச் செய்வேன். ஆளுக்கொன்று சொல்கிற இடத்தில் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்ப்பேன். ஆயில் எந்த கிரேடு, எத்தனை மில்லி, செயின் எவ்வளவு தொங்க வேண்டும் என்பதற்கெல்லாம் கடைசி வார்த்தை அந்தக் கையேடுதான். பெரும்பாலும் கம்பெனி தளத்திலேயே கிடைக்கும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகப் பழகுகிறவர்கள் உடைப்பதெல்லாம் இங்கேதான்.

நான் முதன்முதலில் ஆயில் மாற்றியபோது வடிகால் போல்ட்டை 17 ஸ்பேனரால் இறுக்கினேன். ஆயில் ஒழுகிவிடக்கூடாதே என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். திடீரென்று ஸ்பேனர் லேசாகிவிட்டது. அந்த லேசான உணர்வு இன்றும் கையில் இருக்கிறது. இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. உள்ளே இருந்த மரை, அதாவது திருகு வரி, முழுவதும் போல்ட்டோடு சுருண்டு வந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே லேத் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, இரும்புன்னு நெனச்சி முறுக்கிட்டியா? இது அலுமினியம்பா, வெண்ணெ மாதிரி” என்றார். துளையைப் பெரிதாக்கி, கம்பிச் சுருள் போன்ற புது மரையை உள்ளே வைத்துக் கொடுத்தார். அந்த வேலை இன்றுவரை ஒழுகவில்லை.

இறுக்கத்துக்கு அளவு உண்டு. நியூட்டன் மீட்டர் என்பார்கள். விசையை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கினால் வருவது. சாதாரண 8.8 தர இரும்பு போல்ட்டில், 6 மி.மீ. குறுக்களவு உள்ளதற்குச் சுமார் 10, 8 மி.மீ. உள்ளதற்குச் சுமார் 25 என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்குள் போகிற போல்ட்டுக்கு இன்னும் குறைவாக இருக்கலாம், கையேட்டில் போட்டிருப்பார்கள்.

இந்த இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வாங்க வசதியில்லையா? சூட்கேஸ் எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். ஸ்பேனரில் போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 20 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 5 கிலோ காட்டும்போது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். பன்னிரண்டே முக்கால் கிலோ காட்டினால் 25. சாய்த்து இழுத்தால் கணக்குத் தப்பும்.

தராசைக் காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காயலான் கடையில் கிடைக்கிற உடைந்த இன்ஜின் கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டைத் தராசு வைத்து இறுக்குங்கள். அடுத்ததைக் கண்ணை மூடிக் கையால் மட்டும் இறுக்குங்கள், பிறகு தராசு வைத்துச் சரிபாருங்கள். இருபது முப்பது முறை செய்தால் மணிக்கட்டு பழகிவிடும். கடைசியாக ஒரு போல்ட்டை வேண்டுமென்றே மரை கழலும்வரை முறுக்கிப் பாருங்கள். கழல்வதற்குச் சற்று முன்னால் இறுக்கம் ஏறாமல் ரப்பர் மாதிரி நெகிழும். அந்த நெகிழ்வைப் பழைய கேஸில் தெரிந்துகொண்டவருக்கு, நல்ல வண்டியில் அது வரும் முன்பே கை நின்றுவிடும்.

துருப்பிடித்த போல்ட் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

முதலில் அது எந்தப் பக்கம் கழலும் என்று நிச்சயப்படுத்துங்கள். சைக்கிளின் இடது பெடல், டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடிக்கும் மூடி, பெஞ்ச் கிரைண்டரின் இடது சக்கர நட்டு, கேஸ் வெல்டிங்கில் அசிட்டிலின் பக்க நட்டு எல்லாம் பெரும்பாலும் இடது மரை, கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இவற்றைத் தெரியாமல் கழற்றப் போய் இன்னும் இறுக்கினவர்கள் நிறையப் பேர்.

சாதாரண மரைதான் என்றால் அவசரப்படாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மோட்டார் போல்ட்டுகளில் துருவோடு வெள்ளைப் படிவமும் சேர்ந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கி எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் மரைக்குள் எண்ணெய் இறங்கும். பிறகு கழற்றுவதற்கு முன் ஒரு நூலளவு இறுக்கிப் பார்த்து, அப்புறம் கழற்றுங்கள். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அப்படியும் வராவிட்டால் சூடு காட்ட வேண்டும். பெட்ரோல், எண்ணெய், ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இருந்தால் அதை வீட்டில் செய்யாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அரம் தேய்ப்பது, ஹேக்ஸா பிடிப்பது இதெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு?

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள், ஆரம்பத்தில் வாரக்கணக்கில் அரம்தான் தேய்த்தோம் என்பார்கள். அது தண்டனை மாதிரித் தெரியும். கையையும் கண்ணையும் ஒன்றாகக் கட்டுகிற பயிற்சி அது, வீட்டில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான்.

உள்ளங்கை அளவு இரும்புப் பட்டை ஒன்றை வைஸில் பிடித்து, ஒரு முகத்தைச் சமமாக்கிப் பாருங்கள். அரம் முன்னால் தள்ளும்போது மட்டும் வெட்டும். திரும்ப இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். இரும்புத் தூள் பல்லுக்குள் சிக்காமல் இருக்க அரத்தின்மேல் சாக்பீஸ் தேயுங்கள். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அந்த முகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதல் முறை நடுவில் மேடு தட்டி, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான். கை ஊஞ்சல் மாதிரி ஆடுவதால் வருவது. வெளிச்சமே தெரியாமல் ஒரு முகம் செய்துவிட்டால் உங்களுக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

ஹேக்ஸா பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். மெல்லிய தகட்டை அறுக்கும்போது மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் தகட்டின்மேல் படுகிற மாதிரி பிளேடு தேர்ந்தெடுங்கள். வெர்னியரில் முதன்மை அளவுகோலின் 49 மி.மீ.யை 50 பாகமாகப் பிரித்திருந்தால், அதில் 0.02 மி.மீ. வரை படிக்கலாம். டிஜிட்டல் வாங்கினாலும் இதை ஒரு முறை கையால் படித்துப் பழகுங்கள்.

பேரிங் மாற்றுவதற்கு, அதை அழுத்திச் சொருகுகிற பிரஸ் மெஷின் வீட்டில் இல்லையே?

முதலில் நம்பர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6204 என்று இருந்தால், கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள், 20 மி.மீ. உள்விட்டம். 04க்குக் கீழே மட்டும் கணக்கு மாறும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. பெயர் தெரியாத பாகமாக இருந்தாலும் இந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

மாட்டுவதற்கு நம் ஊர் வெயிலே உதவும். சித்திரை வைகாசியில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. புது பேரிங்கை உறையோடு ராத்திரி ஃப்ரீஸரில் வையுங்கள். அலுமினிய வீல் ஹப்பை மத்தியான வெயிலில் வையுங்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, 0.012 மி.மீ. அளவு விரியும் அல்லது சுருங்கும். 47 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6204, ஃப்ரீஸரின் குளிரில் சுமார் 0.03 மி.மீ. சுருங்கும். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் சேர்ந்தால் தட்டுகிற வேலை வெகுவாகக் குறைந்துவிடும். தட்டும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள் வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகளுக்குப் போய், புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும்.

எதையெல்லாம் வீடியோ பார்த்துச் செய்யவே கூடாது?

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கிற அளவு மின்சாரம் நிற்கும். கேஸ் ரெகுலேட்டரைப் பிரிக்காதீர்கள். வெறும் ஜாக்கி மேல் நிற்கிற காருக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் என்கிற கெப்பாசிட்டர்தான், சீலிங் ஃபேனுக்கு 2.5 எம்எஃப்டி என்று போட்டிருப்பார்கள். அதை மாற்றலாம். ஆனால் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் இருக்கும். மெயினை இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். வீட்டில், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், எந்தக் கருவியும் வாங்கும் முன் முதலில் அதை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள்.

பைக் செயினை இன்ஜின் ஓடும்போது துணி வைத்துத் துடைக்கிறார்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் கார்டு என்கிற பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். டிஸ்க்கில் அச்சிட்ட வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறை போடாதீர்கள், லுங்கியோடு நிற்காதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும். அப்படி ஆனால் கை வைத்தியம் எதையும் கண்ணில் விடாமல் டாக்டரிடம் போங்கள்.

பட்டறைக்காரர்கள் சொல்லித்தருவார்களா?

தருவார்கள், போகிற விதத்தில் போனால். காலை கடை திறக்கும் நேரத்திலும் சாயங்காலம் வண்டி எடுக்க ஆட்கள் நிற்கும் நேரத்திலும் போகாதீர்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள். “யூடியூப்ல வேற மாதிரி காட்டுறாங்களே” என்று வாயைத் திறக்காதீர்கள். “பாய், நான் இப்படிச் செஞ்சேன், இங்க மாட்டிக்கிச்சு, எங்க தப்பு?” என்று பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள். தப்பைக் கொண்டுபோனவனுக்குச் சொல்லித்தராத மேஸ்திரியை நான் இதுவரை பார்க்கவில்லை.

சின்ன வேலையானாலும் காசு கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் டீயாவது சொல்லுங்கள். அந்த லேத் மேஸ்திரியிடம் இன்றும் போகிறேன். ஆற்காடு போனால் அவருக்கு மக்கன் பேடா வாங்கிவருவேன். அவரிடம் பத்து நிமிடத்தில் கிடைத்த சில விஷயங்கள் எந்த வீடியோவிலும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. உதாரணமாக, மரை போடும்போது, அதை வெட்டுகிற டேப் என்ற கருவியை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருக வேண்டும் என எல்லோரும் சொல்வார்கள். அவர் என் கையைப் பிடித்து, தூள் உடைகிற அந்தச் சின்ன ‘டிக்’ உணர்வைக் காட்டினார். அது கையில் வந்ததும் அடுத்தது திருக வேண்டும்.

பெண்களும் செய்யலாமா?

தாராளமாக. ஸ்பேனர் நீளம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பலம் பாதியாகும், அதனால் பலம் ஒரு காரணமே இல்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷின் ஓட்டுகிறார்கள். மெஷின் சத்தம் மாறினால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் விழாவிட்டால் டைமிங்கைப் பாருங்கள். ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2 மி.மீ. மேலே எழும்போது கொக்கியின் முனை ஊசியின் பின்பக்கம் வந்து நூலைப் பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கண்ணுக்கே தெரியும். என் அக்கா பெண் இதைக் கற்றுக்கொண்டு, இப்போது தன் தெருவில் நாலைந்து மெஷின் பார்த்துக் கொடுக்கிறாள்.

இதை வைத்து வேலை கிடைக்குமா? ஐடிஐ போக வேண்டாமா?

வயது இருந்தால், சூழ்நிலை இருந்தால், ஐடிஐ போங்கள். ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு, அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை. சான்றிதழ் கையில் இருந்தால் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் கதவு தட்டுவது எளிது. 1961ஆம் வருடத் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பயிற்சியும் பெறலாம். வீட்டில் நீங்களே பழகியது அங்கே வீண்போகாது, மற்றவர்கள் அரத்தோடு போராடும்போது நீங்கள் ஒரு படி மேலே இருப்பீர்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தருகிற ஏற்பாடும் 2015இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில் இருக்கிறது.

எவ்வளவு நாளாகும்?

வாரம் ஒரு நாள் காலையில் மூன்று மணி நேரம் கொடுத்தால், ஒரு வருடத்தில் வீட்டுச் சாமான்களில் பாதிக்குப் பயப்பட மாட்டீர்கள். கோடையில் ஆறு மணிக்கே தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் சிமெண்ட் தரையில் வைத்த ஸ்பேனரைத் தொட முடியாது.

பிரித்ததைப் பூட்டிவிட்டேன். ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது. வண்டி ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஓடுவதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வாஷர் ஒரு இடைவெளியைக் காத்துக்கொண்டிருந்தது. கேட்லாக் படத்தை எடுத்து, நீங்கள் கழற்றிய பகுதியில் அதே விட்டமுள்ள வாஷர் எங்கே வருகிறது என்று வெர்னியரை வைத்துத் தேடுங்கள். கண்டுபிடித்ததும், எவ்வளவு சலிப்பாக இருந்தாலும், அதுவரை திரும்பப் பிரியுங்கள். அடுத்த முறை முப்பது முட்டை அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு போல்ட், கூடவே அதன் வாஷர். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் குழி காலியானால் வேலை முடிந்தது.